ஐந்தருவி வரை ஓட்டிப் பார்த்தோம்

என் கணவர் சவூதியில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாத விடுப்பில் தென்காசிக்கு வருவார். வந்த முதல் வாரம் விருந்து, கடைசி வாரம் பெட்டி கட்டுவது, நடுவில் உள்ள நாட்களில் யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கும். போன வருடம் முதுகு வலி தாங்க முடியாமல் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி இருந்ததே கிடையாது. அவர் சட்டையை எங்கே மாட்டுவார், டீயில் எத்தனை கரண்டி சீனி போடுவார் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். அவரும் என்னைக் கேட்டுத்தான் எதையும் எடுப்பார். பிரிட்ஜில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கக்கூட, "இத எடுத்துக்கிடட்டுமா?" என்பார்.

நான் மேலகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. ஸ்கூட்டரில்தான் போய் வருவேன். அவரை இரண்டு சக்கர வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போனாலும், ஒவ்வொரு பள்ளத்திலும் முகத்தைச் சுளிப்பார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒரு நாள் சாப்பிடும்போது நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏங்க, சின்னதா ஒரு பழைய காரு வாங்குவோமா? நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "பாப்போம்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், "டேங்கர் ஓட்டுன கைக்கு இதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரியில்லா" என்றார்கள். அவர் சிரித்து வைப்பார்.

பழைய கார் வாங்கி விற்றுத் தரும் தரகர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். முதலில் அவர் எங்களை மேலகரத்துக்குத்தான் கூட்டிப் போனார். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரின் கார். சர்க்கரை நோயால் கண் மங்கிப்போனதால் காரை விற்றுவிடச் சொல்லிப் பிள்ளைகள் வற்புறுத்துகிறார்களாம். தார்ப்பாயை அவரே தடவித் தடவிக் கழற்றினார். உள்ளே சிவப்பு நிறத்தில் சின்னக் கார், நேற்று வாங்கியது போல் இருந்தது.

"தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓட விடுவேன். எங்கயும் போறதில்ல. சும்மா உள்ள உக்காந்திருப்பேன்" என்றார்.

என் கணவர் பானட்டைத் திறந்து குனிந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். "வண்டி தங்கமா இருக்கு சார்" என்றார். அதைக் கேட்டதும் சப்-இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. நேத்தே ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டேன். புரோக்கர்ட்ட சொல்ல மறந்துட்டேன்."

டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த அவர் மனைவி, "யாருக்குப் பேசி முடிச்சீங்க?" என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் தார்ப்பாயை எடுத்துக் காரை மூட ஆரம்பித்தார். என் கணவர் டீயை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லக்கா, நல்ல ஆளுக்குத்தான் போயிருக்கும்" என்றார்.

தெருவுக்கு வந்ததும் தரகர் அந்த மனிதரைத் திட்ட ஆரம்பித்தார். "விடும் வே. கண்ணும் போயி காரும் போனா அவரு காலையில எங்கன போய் உக்காருவாரு" என்றார் என் கணவர். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் போனில் நாங்கள் பேசியது சாப்பிட்டியா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதோடு சரி. மற்றவர்களைப் பற்றி இப்படி யோசிக்கிறவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஆலங்குளத்துக்குப் போனோம். அங்கே வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்து விற்கும் ஒரு இடம். நீலநிறக் கார் ஒன்றை எங்களுக்கென்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டயரில்கூடப் பளபளப்பு. விற்பவர், "நீங்களே ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்று சாவியை நீட்டினார். என் கணவர் சாவியை வாங்கித் தரகர் கையில் கொடுத்தார். "நீரு ஓட்டும். நான் பக்கத்துல இருந்து சத்தத்தக் கேட்டுக்கிடுதேன்." அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுற்றி வந்து நிறுத்தியதும் அவர்கள் மூவரும் பானட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஏகப்பட்ட சென்ட் வாசம். அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, நனைந்த சாக்கு போல. சீட் பெல்ட்டை இழுத்தேன். எனக்குப் பழக்கமில்லாததால் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரை இழுத்துவிட்டேன். முதலில் வந்த பெல்ட் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. கடைசியில் வந்த ஒரு முழம் செம்மண் நிறத்தில் விறைத்துக் கிடந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். இது ஏன் இப்படி இருக்கு?"

அவர் வந்து பார்த்தார். விரலால் சுரண்டினார். காய்ந்த சேறு உதிர்ந்தது. கால் மிதியடியைத் தூக்கினார், அதன் அடியிலும் மணல். "வெள்ளத்துல முங்குன வண்டி" என்று மெதுவாகச் சொன்னார். விற்பவர் தனக்கு எதுவும் தெரியாது, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். நாங்கள் சண்டை போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என் கணவர் தரகரிடம், "நான் இன்ஜினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு கிடக்கேன், இவ பாத்தீரா, உக்காந்த இடத்துலயே கண்டுபிடிச்சிட்டா" என்றார். அன்று சாயங்காலம் போனில் மகளிடமும் அதையே சொன்னார். மறுநாள் அவருடைய தம்பியிடமும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெல்ட்டின் நீளம் கூடிக்கொண்டே போனது.

மூன்றாவது கார் குற்றாலத்தில் இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுடையது. சாம்பல் நிறம், எட்டு வருடப் பழசு. அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். அன்று தரகர் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள்.

"நான் சாமான் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஐந்தருவி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. சார் வெளிநாட்டுல ஓட்டுனவருன்னு புரோக்கர் சொன்னாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

சாவியைக் கொடுக்க அங்கே வேறு ஆள் இல்லை. என் கணவர் காரின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்காரப் போனார். அங்கே ஸ்டியரிங் இல்லை. "சவூதியில ஸ்டியரிங் இந்தப் பக்கம். பழக்கம்" என்று சொல்லிக்கொண்டு சுற்றி வலது பக்கம் வந்தார். வண்டியைக் கிளப்பியதும் கியர் போட வலது கையை நீட்டினார். கை கதவில் போய் முட்டியது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிரதான சாலையில் முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்ததால் அதன் பின்னாலேயே நன்றாகத்தான் போனார். ஐந்தருவிச் சாலைக்குள் திரும்பிய பிறகு முன்னால் வண்டி எதுவும் இல்லை. சாலையோரம் ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது. அதைச் சுற்றிப் போக வலது பக்கம் ஒதுங்கினார். அதற்குப் பிறகு இடது பக்கம் திரும்பி வரவே இல்லை. நான் கண்ணாடியில் விழும் தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. நேருக்கு நேர். இரண்டு பேரும் பிரேக் போட்டார்கள். எங்கள் கார் நின்றபோது ஜீப்பின் முன் விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கேரளத்து வண்டி. ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டி, "எந்தா சேட்டா, ராங் சைடல்லே?" என்று சத்தம் போட்டார். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலை இறக்கி, "மெல்லே போ சேட்டா" என்று சொல்லி, தானே பின்னால் எடுத்து வழிவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் பழக்கடைகள் இருந்த இடத்தில் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். இன்ஜினை அணைத்த பிறகும் கை ஸ்டியரிங்கை விடவில்லை. 

"எனக்கு நம்ம ரோட்டுல பயமா இருக்கு" என்றார்.

நான் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். 

"அங்கன எல்லாம் வலது பக்கம். இருபத்திரண்டு வருசம் அப்படியே ஊறிப்போச்சு. முந்தி ஒரு லீவுல வந்தப்போ கூட்டாளி காரை எடுத்துக்கிட்டுப் போனேன். டீ குடிச்சிட்டு வண்டிய எடுக்கும்போது என்னை அறியாம வலது பக்கம் ஏறிட்டேன். எதுக்க ஒரு பொம்பள சைக்கிள்ல வருது, பின்னால ஒரு பிள்ளை. நூலிழையில தப்பிச்சுது. அந்தப் பொம்பள என்னை ஒரு வார்த்தை ஏசல. இறங்கி நின்னு பிள்ளையத் தடவித் தடவிப் பாத்துச்சு. அன்னையில இருந்து ஊர்ல நான் ஸ்டியரிங்கத் தொடல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன்ல எப்படிச் சொல்லுதது? நீ தனியா கிடந்து எல்லாத்தையும் பாக்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வேலை. அதையும் பயமா இருக்குன்னு சொன்னா என்ன நினைப்ப?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். நான்தானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வரவில்லை. நானும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தேன். ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் பள்ளிக்கூட வாசலிலேயே விழுந்து மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவரிடம் வாசல்படியில் வழுக்கிக் கொஞ்சம் சுளுக்கு என்று சொல்லியிருந்தேன். அதை இப்போது சொன்னேன்.

அவர் என் கையை வாங்கி, எந்தக் கை என்று கேட்டார். சொன்னேன். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இப்போதுதான் விழுந்தது போல. "இப்பவும் வலிக்குதா?"

"குளிர்ல கொஞ்சம்."

இறங்கிப் போய் கால் கிலோ ரம்புட்டான் வாங்கி வந்தேன். காருக்குள் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். இன்னும் அந்த அம்மாவின் கார்தான் என்பதால் தோலை எல்லாம் என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சாரல் விடுகிற மாதிரி இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரை அங்கேயே விட்டுவிட்டு வரவும் முடியாது.

"நீங்க பைய ஓட்டுங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்லிக்கிட்டே வாரேன்" என்றேன்.

திரும்பி வந்த வழியெல்லாம் நான் "இடது, இடது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வளைவு வந்தால் இரண்டு முறை. எதிரே வண்டி வந்தால் மூன்று முறை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியும் சலிக்காத தொண்டை என்னுடையது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டு வாசலில் நிறுத்தியபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வண்டி எப்படி சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வண்டி அருமையா இருக்கும்மா. பிரேக் நல்லா பிடிக்குது, அதையும் பாத்தாச்சு. ஓட்டுனவந்தான் சரியில்ல" என்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரித்தார். தான் நாற்பத்தைந்து வயதில்தான் ஓட்டக் கற்றதாகவும், முதல் மாதம் கேட் தூணை இரண்டு முறை இடித்ததாகவும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்களும் கத்துக்கோங்களேன்" என்றார். விலையை அங்கேயே பேசி முடித்தோம்.

அடுத்த மாதம் நான் தென்காசியில் ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன். அவர் விடிந்ததும், சாலையில் கூட்டம் வருவதற்குள், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு குற்றாலம் வரை ஓட்டிப் பழகினார். முதல் சில வாரம் நான் சொல்லச் சொல்ல ஓட்டினார். பிறகு நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். ஒரு நாள் நான் அசந்து தூங்கிப்போய்விட்டேன். எழுப்பியபோது வீட்டு வாசலில் நின்றோம். அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தெருவில் யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் என்பதால் என்னிடமே நாலு தடவை சொன்னார்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, கேரள எல்லையில் இருக்கும் புளியறை வரை போனோம். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. காரை இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அவர் இறங்கி நின்று கையைக் காட்டினார். மணலில் டேங்கர்களைப் பின்னால் எடுக்க வைத்த கை. விரலை மடக்கினால் நில், விரித்தால் வா. அது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு என் போக்கில் எடுத்து நிறுத்தினேன். பின் பம்பர் கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டியில் லேசாக இடித்தது. டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்த லாரிக்காரர்கள் பக்கம் திரும்பி, "எம் பொண்டாட்டி. லைசென்ஸ் எடுத்து ஒம்பது நாளுதான் ஆவுது" என்றார். அவர்களில் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார். நாங்கள் புட்டும் கடலைக்கறியும் சொன்னோம்.