ஆரணிக்குக் கொண்டுபோன டைவர் வாட்ச்

1983ஆம் வருடம் வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு வேலூர் பஸ் நிலையத்தில் ஆரணி வண்டி ஏறினேன். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் மூன்று ரூபாய்ச் சில்லறை. இடுப்பில் பதினோரு மாதப் பையன் ரகு. கூடையில் வெந்நீர் ஃபிளாஸ்க், கிரைப் வாட்டர், நான்கு மாற்றுத் துணி. நான்கு போதுமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி, இன்னும் இரண்டு எடுத்து வந்திருந்தேன். இடது மணிக்கட்டில், புடவைத் தலைப்புக்குள் மறைத்து, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச் ஒன்று.

அந்த வாட்சுக்காகத்தான் இந்தப் பயணம். என் தங்கை மாலதிக்கு ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளை சேகர், ஆரணிப் பட்டு வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளை அழைப்பன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கிணற்றில் குதித்து நீந்தியே இரண்டு வாட்சைக் கெடுத்தவர் சேகர். தண்ணீர் புகாத டைவர் வாட்சாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் சித்தப்பா ஒன்று வாங்கி வந்தார். அப்பாவோ அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், உலகத்துக்கே தெரிந்த ஒரு பெரிய சுவிஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "அந்த வாட்சே போடறோம்" என்று நிச்சயதார்த்தத்தில் சபையறியச் சொல்லிவிட்டார்.

நான் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு முகம், சுற்றிலும் திருகும் வளையம், பட்டையான முள்கள், சாம்பல் நிற நைலான் பட்டை. நூலகத்துப் பழைய ஆங்கிலப் பத்திரிகையில் இருந்த பெரிய கம்பெனி விளம்பரத்துக்கும் இதற்கும் அச்சு அசலாக ஒரே சாயல். பெயர் மட்டும் வேறு. நான் கேள்விப்பட்டேயிராத பெயர்.

போலியா? ஒரு வாரம் அதே யோசனை. பட்டப்பகலில் வாட்சோடு போர்வைக்குள் நுழைந்து பார்த்தேன். பன்னிரண்டு புள்ளிகளும் ஒரே அளவு பச்சையாக மின்னின. வளையம் 'டிக் டிக்' என்று ஒரு பக்கம் மட்டுமே திரும்பியது. அதன் முக்கோணக் குறி பன்னிரண்டுக்கு நேராக, மயிரிழை பிசகாமல் நின்றது. பக்கவாட்டில் இருந்த சாவிக் குமிழ் திருகாணி போல இறுகியது. முகத்தில் இருந்த பெயரே பின்மூடியிலும் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில், தண்ணீருக்குள் இருநூறு மீட்டர் வரை தாங்கும் என்ற குறிப்பு. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அப்பா சொன்னது இது இல்லை. மாப்பிள்ளை அழைப்பன்று நான்கு பேர் முன்னால் தெரிந்தால், மாலதி ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதானால் இப்போதே, நான்கு சுவருக்குள் சொல்லட்டும். முகூர்த்தப் புடவையைப் பார்த்து வருகிறேன், கூடவே வாட்ச்பட்டை அளவையும் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிப் புறப்பட்டேன். அது முழுப் பொய்யுமில்லை.

கணியம்பாடி தாண்டியதும் ரகு என் தலைப்பை இழுத்து, வாட்சின் வளையத்தை வாயில் வைத்தான். புதிதாக முளைத்த இரண்டு பல்லாலும் கடித்தான். பக்கத்தில் ஜரிகைப் பெட்டியை மடியில் வைத்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இம்மாம் பெரிய வாட்சு?"

"கல்யாண மாப்பிள்ளைக்குங்க. ஃபாரின்."

"ஃபாரினுனு எல்லாந்தான் சொல்லிகினு கீறான். காதுல வெச்சுப் பாரு. அசலா இருந்தா சத்தமே வராது."

முன் இருக்கைக்காரர் உடனே திரும்பினார். "யாருய்யா சொன்னது? சத்தம் வரலைன்னா ஓடலைனு அர்த்தம். அசலுன்னா கணீர்னு கேக்கணும்."

"நீ இன்னா, வாட்சு கம்பெனி வெச்சிகினு கீறியா?"

"நீ வெச்சிகினு கீறியா?"

கண்டக்டர் நடுவில் வந்தார். "காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்கப்பா. கனத்தைப் பாரும்மா. கனமா இருந்தா அசலு. அவ்ளோதான்."

கழற்றிக் கொடுத்தேன். கண்டக்டரும் கனம் பார்த்தார். அவரிடமிருந்து அது பின் இருக்கைகளுக்குப் போனது. ஒவ்வொரு கையாக நான் கண்ணால் துரத்தினேன். கண்ணமங்கலம் வருவதற்குள் ஐந்து பேர் அசல் என்றும் மூன்று பேர் போலி என்றும் சொல்லி முடித்தார்கள். வாட்ச் ஒருவழியாக என் கைக்குத் திரும்பியது. வெளியே ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு முன்னால் ஆரணி. ரிக்‌ஷாக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வீடே வந்துவிட்டது. தெரு முழுக்க வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம். சேகர் வீட்டார், பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் வீடு வீடாக நூலும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்வித்து வாங்குகிறவர்கள். சாயம் போடுவது மட்டும் வீட்டின் பின்கட்டில். அங்கே சேகரின் தாய்மாமா வைத்ததுதான் சட்டம்.

சேகரின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவது. அத்தை ரகுவை வாங்கித் தூளியில் போட்டு, எனக்கு இட்லி வைத்து, "சாப்ட்டுகினே பேசும்மா" என்றார். என்னால் முடியவில்லை. இரண்டாவது இட்லியில் வாட்சைக் கழற்றி சேகரிடம் நீட்டினேன்.

சேகர் முகம் மலர்ந்தது. வளையத்தைத் திருகினார். பிறகு முகத்தில் இருந்த பெயரைப் படித்தார். கை நின்றது. மாமா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, உன் மாமனார் சொன்ன பேரு இது இல்லியே? டூப்ளிகேட்டா?"

ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துபோனது. "இல்லீங்க மாமா. டூப்ளிகேட்டுன்னா அந்தப் பெரிய பேரையே போட்டிருப்பாங்க. இவங்க அவங்களைப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா சொந்தப் பேரைப் போட்டிருக்காங்க. முன்னாடி என்ன பேரோ பின்னாடியும் அதே பேருதான். அப்பா தெரியாம சொல்லிட்டாரு. தப்பு எங்களுதுதான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

தூளிக் கயிற்றைப் பிடித்திருந்த அத்தை திடீரென்று சிரித்தார்.

"நம்ம பொடவை மாரின்னு சொல்லு. காஞ்சிபுரத்தான் போடற கரையைத்தான் நாமளும் போடறோம். மெட்ராஸ் கடைக்காரன், முத்திரையைக் கிழிச்சிட்டுக் குடு, காஞ்சிபுரம்னு வித்துக்கறேன்றான். குடுக்கறமா? ஆரணினு போட்டுத்தானே குடுக்கறோம்?"

"அதெல்லாம் சரிக்கா," என்றார் மாமா. "ஆரணிப் பட்டுன்னு சும்மாவா ஒத்துக்கறான்? நனைச்சுப் பாக்கறான், கசக்கிப் பாக்கறான். இதையும் பாத்துரலாம்."

"கிணத்துல எறங்கவா மாமா?" சேகர் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"வெறும் தண்ணில போட்டா ஒரு சொட்டு உள்ள போனது கண்ணுக்குத் தெரியுமா? சாயத்துல போட்டா கண்ணாடிக்குக் கீழ செவப்பா நிக்கும். பொய்யே சொல்ல முடியாது. வாடா ஜல்தி."

வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு சோதனை யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். பின்கட்டில் செப்புக் கொப்பரையில் அரக்குச் சாயம். அன்றைய நூல் முடிந்து அடுப்பு அணைந்திருந்தது. கொதிக்கிற சூடு ஆகாது, மூடிக்கு அடியில் ரப்பர் இருக்கும் என்று நான் சொன்னேன். மாமா விரலை விட்டுப் பார்த்து, "கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தலாம்" என்றார். சாவியை இறுக்கினேன். கொடுத்தேன். திரும்ப வாங்கி மறுபடி இறுக்கினேன். "போதும்கா, ஒடிஞ்சிடும்" என்றார் சேகர்.

சுற்றிக் கட்டிய நூல் சிட்டத்தைக் கோலில் மாட்டி முக்குவது போலவே, வாட்சையும் பட்டையோடு கோலில் மாட்டி மாமா முக்கினார். சிட்டத்தைத் திருப்புவது போலவே இரண்டு மூன்று தடவை திருப்பியும் விட்டார். சாயத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார். நான் கொப்பரையையே பார்த்து நின்றேன். சாயம் உள்ளே போனால் என்ன ஆகும்? சித்தப்பா இனி அடுத்த வருடம்தான் வருவார். கல்யாணத்துக்கு இருப்பதோ மூன்று வாரம்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு மாமா கோலைத் தூக்கினார். சேகர் வாட்ச் கண்ணாடியை வேட்டியில் துடைத்து வெயிலில் காட்டினார். கறுப்பு முகம் கறுப்பாகவே இருந்தது. ஒரு புள்ளி சிவப்பு இல்லை. விநாடி முள் எங்கேயும் போகாதது போல ஓடிக்கொண்டிருந்தது.

"அசலுதான்டா!" என்று மாமா கூவினார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அப்போதுதான் அத்தை பட்டையைப் பார்த்தார்.

சாம்பல் நிறம் எங்கேயும் இல்லை. நைலான் பட்டை முழுக்கத் திட்டுத் திட்டாக இல்லாமல், ஓரம் வரை ஒரே சீராக, நல்ல அரக்கு நிறம். மாமா ஓடிப்போய்த் தண்ணீரில் அலசினார். சோப்புப் போட்டார். கசக்கினார். தண்ணீர் தெளிவாகவே வடிந்தது.

"சாயம் எறங்கல," என்றார் மெதுவாக. இருபது வருடமாக எது இறங்கக் கூடாது என்று பாடுபட்டாரோ, அது இப்போதும் இறங்கவில்லை.

"பட்டுக்குப் போடற சாயம் நைலானுக்கும் ஏறும்னு உனக்குத் தெரியாதாடா?" அத்தை கையை ஓங்கிவிட்டார். "போன வருசம் எம் பொண்ணோட நைலான் ரிப்பனை இதே கொப்பரையில போட்டுக் குடுத்தவன்தானே நீ?"

"வாட்சையே பாத்துகினு இருந்தேன்கா. பட்டை ஞாபகமே வரல."

அத்தை என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது, காலையில் கிளம்பும்போது என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்த்த அதே பயம். "உங்க அப்பா இன்னா நெனைப்பாரும்மா? கட்டறதுக்கு முன்னாடியே பாழ் பண்ணிட்டாங்கனு சொல்ல மாட்டாரா? வேற பட்டை வாங்கிடறோம். மெட்ராஸ்ல கெடைக்கும்ல?"

"யாரு மாத்தப் போறா?" சேகர் ஈரத்தோடு கையில் கட்டிக்கொண்டு முற்றத்து வெயிலில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இந்த மாரி வாட்சு அந்தப் பெரிய கம்பெனிக்காரன்கிட்டயே இருக்காது."

பகல் முழுவதும் புடவை பார்த்தோம். மாலதிக்கு எதை எடுத்தாலும் சேகர் கையை அருகில் வைத்துப் பார்த்தார். கடைசியில் அரக்கில் பச்சைக் கரை என்று முடிவானது. நான் சொல்ல அவர் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

மாலை ஐந்து மணி வண்டிக்கு எல்லோரும் பஸ் நிலையம் வரை வந்தார்கள். கல்யாண நாள் வரை பத்திரமாக இருக்க வேண்டும் என்று வாட்சை அத்தையே என் கையில் கட்டிவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட நீதாம்மா பக்குவமா எடுத்துச் சொல்லணும்" என்றார். மாமா பின்னால் தலை குனிந்து நின்றார்.

"நான் பாத்துக்கறேன் அத்தை. நீங்க கவலைப்படாதீங்க," என்றேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் வீட்டில் நல்ல பொருள் ஒன்று வந்தால் துணியில் சுற்றி பீரோவில் வைப்போம். கெடாமல் இருப்பதால் நல்ல பொருள் என்று நம்பிக்கொள்வோம். ஆரணியில் முதலில் நனைத்துவிடுகிறார்கள். நஷ்டம் வந்தாலும் சந்தேகம் மிச்சமிருப்பதில்லை. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து பெண் வீட்டார் என்று குனிந்தே நின்ற நாங்களும் அவர்களும், அந்தக் கொப்பரையைச் சுற்றி நின்றபோதுதான் முதல் தடவையாகச் சம உயரத்தில் இருந்தோம்.

இந்த நினைப்பில் கண்ணமங்கலம் வரை நான் நன்றாகவே சிரித்துக்கொண்டு வந்தேன். ரகு மடியில் தூங்கிவிட்டான். கண்ணமங்கலம் தாண்டியதும், அப்பாவிடம் இதை எந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். வேலூர் வந்து, எல்லோரும் இறங்கி, "இன்னாம்மா, எறங்கலியா?" என்று கண்டக்டர் கேட்கும் வரைக்கும் முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.