திரும்பி வந்த எடை

அரைஞாண் கயிறு நழுவியதுதான் முதல் அறிகுறி. குளித்துவிட்டு வந்த என் கணவரின் இடுப்பிலிருந்து இறங்கித் தரையில் விழுந்தது. முடிச்சு அவிழவில்லை. அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் எங்களுக்கு டிபன் கடை. பின்னால் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடும் இரண்டு அறைகள்.

"ஜாஸ்தியா எளைச்சுட்டீங்க" என்றேன்.

"விரதம்னு சொன்னேன்ல?"

நம்பினேன். எங்கள் ஊரில் சாப்பிடாதவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். என் மாமனார் பெற்ற மகனையே 'வாங்க' என்று அழைக்கத் தொடங்கினார். கடை வாசலில் உட்கார்ந்திருந்தவரின் காலைத் தொட்டுக் கும்பிடவும் ஆட்கள் வந்தார்கள்.

கன்னம் ஒட்டியது. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்தால் கயிறு தொய்வதே இல்லை. ஆனால் முகத்தில் மட்டும் ஓர் அமைதி. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்ததைப் பார்த்ததும் டாக்டர் சொல்லிவிட்டார்: பிரவுன் சுகர் (அபினியிலிருந்து வரும் போதைத்தூள்). எங்கள் அறையில் தங்கிய வெளிநாட்டவர் ஒருவரிடம் அதைப் பழகியிருக்கிறார்.

"எம்புள்ள சாமிங்க" என்று மாமனார் சண்டைக்கே போனார்.

"அந்தத் தூளு பசியைக் கொன்னுடுச்சுங்க. கொழுப்பு தீந்துபோய் ஒடம்பு தன் சதையையே தின்னுக்கிட்டு இருக்கு. இதயமும் சதைதானே? விட்டா அதையும் தின்னுடும்" என்றார் டாக்டர்.

இதற்குப் பெயர் தசை நலிவு (உடம்பு தன்னையே கரைத்துக்கொள்வது). தூள் இல்லாமல் அவர் உதறிய நாட்களில் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிழைத்தால் போதும் என்றிருந்தது.

பிழைத்தார். பசி பேய்போல் வந்தது. வெல்லத்தைக் கட்டிகட்டியாகத் தின்றார். எடை ஏறியது, நல்லா தேறிட்டார் என்று ஊரே சொன்னது. ஆனால் ஏறியதெல்லாம் தொப்பையிலும் கன்னத்திலும்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கை நடுங்கியது.

"மொதல்ல கொழுப்புதான் வரும்மா. சதை கம்மியாதான் வரும். வேலை குடுங்க, பருப்பு, முட்டை குடுங்க" என்றார் டாக்டர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் தேறிவந்தால் எடை மெஷினை மட்டும் நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள்.

தொட்டால் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தார். நான் கட்டிக்கொண்டவர் இல்லை, வேறு யாரோ.

ஒரு பௌர்ணமிப் பிற்பகல். இடுப்பில் குழந்தையோடு கிரிவலம் வந்த பெண் ஒருத்தி கடை வாசலில் நின்றாள்.

"இங்க எலும்பும் தோலுமா ஒரு சாமி ஒக்காந்திருப்பாரே, எங்கங்க? அவரு காலைத் தொட்டப்புறந்தான் இவன் பொறந்தான்."

கல்லாவிலிருந்த என் கணவர் எழுந்தார். "போயிட்டாரும்மா."

அவள் கதறிவிட்டாள். வாசற்படியில் கற்பூரம் ஏற்றிக் குழந்தையை விழுந்து கும்பிட வைத்தாள். அவரும் அவளோடு கைகூப்பி நின்றார். எனக்கும் அழுகை வந்தது.

அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"அவரு எப்படி இருந்தாரு?"

கேலியில்லை. தூளோடு கழிந்த அந்த வருஷம் அவர் நினைவிலேயே இல்லை. நான் சொல்லச் சொல்ல, "அடப் பாவமே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.