வாளி வாங்காத ஆபரேஷன்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஆபரேஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான். சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட ஆண்களுக்கு எங்கள் பக்கத்து முகாமில் ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்து அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில், பிள்ளையில்லாத முப்பத்துநாலு வயது ஆள் மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினால் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்காமல் ஜன்னல் வழியாகக் கேட்கவும் செய்தார்கள்.

"இன்னா சார், வாளி குட்தாங்களா?"

எனக்குச் செய்தது குடல் ஆபரேஷன். என் எடை அப்படி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா நான். உட்கார்ந்தே தின்று உட்கார்ந்தே எழுதியவன். டாக்டரின் மெஷினில் முள் ஒரு சுற்று சுற்றி முட்டிக்கொண்டு நின்றுவிட்டதால், என்னை நெல் மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். இரண்டு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. மண்டிக்காரர் சீட்டு எழுதும்போது, "சாக்கு எடைய கழிக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என்னால் குனிய முடியாது. கல்யாணமான நாள் முதல் எட்டு வருஷமாக, தினமும் காலையில் என் மனைவிதான் தரையில் உட்கார்ந்து எனக்குச் செருப்பு வார் மாட்டிவிடுவாள். அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவேன், பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். பேப்பருக்குக் கீழே அவள் தலை தெரியும்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சர்ஜன் மெட்ராஸில் என் குடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தைத்தார். தின்பது உடம்பில் ஒட்டாது, எடை தானாக இறங்கும் என்றார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "கொழுப்பு மட்டும் கரையாதும்மா, சதையும் சேர்ந்து கரையும். நாளையிலேர்ந்தே இவரை நடக்க வைக்கணும். மூணு மாசம் போனதும் வெயிட் தூக்கணும். படுக்கப் போட்டா எலும்பும் தோலும்தான் மிஞ்சும்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "ஆபரேசன் பண்ண ஒடம்பு. அசையாத படுத்துக்குங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். டாக்டர் சொன்னதை நானும்தான் கேட்டிருந்தேன். ஆனால் சோம்பேறிக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறென்ன வேண்டும்? படுத்தேன். நாலு மாதம் படுத்தேன். கஞ்சி வந்தது, தண்ணீர் வந்தது, கக்கூஸுக்குப் போக அவள் தோள் வந்தது. நாளுக்குப் பத்து முறை போக வேண்டியிருந்தது. எடை கிடுகிடுவென்று இறங்கியது. தொடைத் தோல் ஈரத் துணி மாதிரி தொங்கியது. உள்ளே சதை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

நாலாம் மாதக் கடைசியில் அவளுடைய அண்ணன் வந்தான். சதுரங்கப்பட்டினத்தில் விறகுத் தொட்டி வைத்திருப்பவன், பேச்சும் கோடாலிதான். தங்கைக்கு என்று கொண்டுவந்த அரிசி மூட்டையை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இன்னா மாப்ள, ஒரு புள்ளகூட பெத்துக்காத ஆபரேசன் பண்ணிகினு வந்துட்டியாமே? என் தங்கச்சி கதி இன்னா?"

"குடல் ஆபரேஷன், மச்சான். இளைக்கறதுக்கு."

"ஒடம்பு எளைக்க எவனாவது வவுத்த அறுத்துக்குவானா? யாருகிட்ட காது குத்துற? அந்த ஆபரேசன் பண்ணவனுக்குத்தான் வெயிட்டு தூக்க வராது. நீ சுத்தமானவன்னா எய்ந்து வா. இந்த மூட்டைய தூக்கி உள்ள வெய்யி. நான் வாய மூடிகினு போயிடறேன்."

எங்கள் பக்கம் அப்போது அது ஒரு பரீட்சை. குடும்பக் கட்டுப்பாடு செய்தவனுக்கு இடுப்பில் வலு போய்விடும், மூட்டை தூக்க முடியாது, சைக்கிள் மிதிக்க முடியாது என்று எல்லோரும் சத்தியமாக நம்பினார்கள். நான் எழுந்து போனேன். தெருவே கூடியிருந்தது. மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தேன். முழங்கால் மடங்கி, மூட்டை மேலேயே குப்புற விழுந்தேன். யாரோ, "வாளியயாவது தூக்குவியா சார்?" என்றார்கள்.

அவன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனான். அவளுடைய டிரங்குப் பெட்டி ஏற்கெனவே கட்டி வாசல் பக்கம் இருந்தது. அண்ணனுக்குப் பயந்துதான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் பேச்சைக் காதால் கேட்டவள், குடல் ஆபரேஷன்தான் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நல்லவன் நான், அல்லது அவ்வளவு மடையன்.

மறுநாளிலிருந்து நடந்தேன். அவளைத் திரும்ப அழைத்து வர வேண்டும், அதற்கு ஒரு மூட்டை தூக்க வேண்டும். அது ஒன்றுதான் கணக்கு. முதல் வாரம் கட்டிலிலிருந்து கிணறு வரை. அடுத்த மாதம் தெருக்கோடி வரை. பிறகு விடிகாலையில் கொளவாய் ஏரிக்கரை. எதிரே வந்தவர்கள், "காலைக்கடனுக்கு இம்மாந் தூரமா சார்?" என்றார்கள். குடல் இருந்த நிலைமையில் பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது. லீவு முடிந்து அலுவலகத்தில் மறுபடி சேர்ந்ததும் பழைய பத்திரக் கட்டுகளை ரெக்கார்டு அறையில் தூக்கித் தூக்கி வைத்தேன். முதலில் ஒரு கட்டு, பிறகு இரண்டு, பிறகு ஆறு. பியூன் தன் வேலைக்கு உலை வைக்கிறேன் என்று பயந்து ஆபீசரிடம் மனுக் கொடுத்தான்.

ஆறு மாதத்தில் தொடை தொடையாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தேன். தூக்கம் வந்தது, மூச்சு வாங்காமல் பேச முடிந்தது. திருக்கழுக்குன்றத்து மலைப்படிகளை இடையில் உட்காராமல் ஏறினேன். உச்சியில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷம்தான். வயிற்றைத் தைத்தவர் டாக்டர். காலில் நிற்க வைத்தது அந்த ஏரிக்கரைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஓரிடத்திலும் இறங்கவில்லை. விறகுத் தொட்டியில் மச்சான் யாரோ ஒல்லியான வாடிக்கைக்காரர் என்று நினைத்து, "எத்தினி கட்டு வோணும்?" என்றான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கிடந்ததில் பெரிய சவுக்குக் கட்டாகப் பார்த்துத் தோளில் ஏற்றி, தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்து அவன் காலடியில் போட்டேன்.

அடையாளம் தெரிந்ததும் அவன் முகம் செத்துவிட்டது. "எனக்கு இன்னா தெரியும் மாப்ள? என் தங்கச்சிதான் சொல்லிச்சு, நீ அந்த ஆபரேசன் பண்ணிகினு வந்துட்டன்னு. மூட்டைய தூக்கச் சொல்லு, வுய்ந்துடுவாருன்னு சொன்னதும் அதுதான்."

அவள் உள்ளேயிருந்து வந்து கதவருகே நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்குத்தான் தெரியுமே" என்றேன்.

"தெரியும். நடந்தா நல்லாயிடுவீங்கன்னு டாக்டரு சொன்னாரு. அதான் படுக்க வெச்சேன்."

"ஏன்?"

"எட்டு வருசம் செருப்பு மாட்டிவுட்டேன். பேப்பர எறக்கி ஒரு நாளு என் மூஞ்சிய பாத்தீங்களா? நீங்க நல்லா எய்ந்து மூட்டைய தூக்கிட்டா அண்ணன் என்னை கூட்டிகினு வந்திருக்காது. அப்பறம் நான் எப்பிடி வெளிய வர்றது?"

கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலில் நுழைத்தேன். குனிந்து, என் கையால், இரண்டு வாரையும் மாட்டினேன். நிமிர்ந்தபோது அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர்க்காற்றில் அத்தனை தூரமும் திரும்ப மிதித்தேன். எங்கேயாவது கால் சோர்ந்து விழுந்தால் தேவலை என்றிருந்தது. வீடு வரும்வரை கால் வலிக்கவே இல்லை.