மாடிக் கொடியில் ஏறிய துணிகள்

எங்கள் வீட்டில் கரன்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு, நான் நாலாம் வகுப்பு படித்தபோது என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன்? ஓடிப்போய் நானே வாங்கிக்கொண்டேன். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்குமா?

பெரியப்பா அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே போல்ட்டும் நட்டும் எண்ணிப் பழகிய கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. போகிற வழியில் இருக்கும் ஸ்விட்சையெல்லாம் அணைத்துக்கொண்டே நடப்பார். நாம் உள்ளே இருக்கும்போதே பாத்ரூம் விளக்கு அணையும். அரசாங்கம் தரும் இலவச யூனிட்டைத் தாண்டாமல் வீட்டை ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் லட்சியம். வாஷிங் மெஷின் வாங்கினார்; ஆனால் அதில் துணி உலர்த்தும் பக்கத்தை யாரும் தொடக் கூடாது. "மேல அம்மாம் பெரிய சூரியன் சும்மா எரியுது, இதுக்கு ஒரு மோட்டாரு கேக்குதா?" என்பார். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து எதிர்க் கம்பி வரை மொட்டை மாடியில் அவரே நைலான் கொடி கட்டினார். சுண்ணாம்புக்கல் லாரி போகிற தெரு எங்களுடையது. காய்ந்த துணியைப் புழுதி போக உதறி உதறித்தான் எடுக்க வேண்டும். அந்த உதறலைக்கூட அவர்தான் செய்வார், அவ்வளவு பிரியம் அந்தக் கொடி மேல்.

அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அந்த வருஷம்தான் அம்மா பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் கையில் ஒரு பப்ஸ் பொட்டலத்தோடு திரும்புவாள். அம்மாவின் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே அவள் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தார். மீட்டர் அந்தக் காரணத்தைக் கொடுத்தது. ரீடிங் எடுக்க வந்தவர் எழுதிவிட்டுப் போனதைப் பார்த்ததும் கூடத்தில் நின்று குதித்தார்.

"வேலைக்குப் போறேன்னு வூட்டுக் கரன்ட்டத்தான் முழுங்கிட்டுக் கெடக்கு. தம்பிகிட்டப் பேசிட்டேன். அடுத்த ரீடிங்லயும் ஏறிச்சின்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்லயே இருக்கச் சொல்லிட்டான்."

அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அம்மா இல்லை, வேறு ஏதோ ஒன்றுதான் கரன்ட்டைத் தின்கிறது என்று நிரூபித்தாக வேண்டும். பெரியப்பாவிடம் போய், "நான் கண்டுபுடிச்சுச் சொல்றேன்" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபிரிட்ஜ் கதவை மோந்து பார்த்தேன். டிவியின் சிவப்புப் புள்ளியைச் சந்தேகப்பட்டேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஓடி மீட்டரின் முன்னால் நின்றேன். பெரியம்மா, "காலுல சக்கரமாடி கட்டிருக்கு?" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே முதுகில் வேர்க்குரு பவுடரைக் கொட்டிக்கொள்வாள். மார்கழிக் குளிரிலும் அவளுக்கு அந்தப் பவுடர் வேண்டும். சூட்டு உடம்பு என்று நினைத்திருந்தேன்.

ஒரு விடிகாலை முழிப்பு வந்தபோது பக்கத்தில் அம்மா இல்லை. சாமான் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிந்தது. தள்ளிப் பார்த்தேன். தரையில் துண்டை விரித்து, பெரியப்பா பரண் மேல் போட்டு வைத்திருந்த அயர்ன் பாக்ஸை வைத்து அம்மா அழுத்திக்கொண்டிருந்தாள். உஸ்ஸென்று ஆவி வந்தது. துண்டின் மேல் கிடந்தவை அவளுடைய உள்ளாடைகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் என் அம்மாதானா?

"ஈரத்தைப் போட்டுக்கிட்டு எப்புடிடி அவ்ளோ தூரம் பஸ்ல போறது?" என்றாள் அம்மா தணிந்த குரலில். "ஒங்க பெரியம்மா அப்புடியே மாட்டிக்கிட்டு, சொறிஞ்சிக்கிட்டுக் கெடக்குறாங்க. என்னால முடியலடி. பெரியப்பாகிட்ட சொல்லிடாத."

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுப் பெண்களின் உள்துணி எதுவும் மாடிக்குப் போகக் கூடாது. எப்போதோ ஒன்று காற்றில் பறந்து எதிர் டீக்கடைக் கூரையில் விழுந்துவிட்டதாம். அன்றைக்குப் பெரியப்பா போட்ட சட்டம். கொல்லைச் சந்தில், வெயிலே எட்டாத இடத்தில், பழைய துண்டுக்கு அடியில் ஒளித்துத்தான் அவற்றைக் காயப்போடுவார்கள். இரண்டு நாளானாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும்.

சீ, இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. இத்தனை பெரியவர்கள் இருந்தும் இது ஒருத்தருக்கும் புரியவில்லையே என்று அவர்கள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, சந்திலிருந்த அவள் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பெரியப்பாவின் வேட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒவ்வொன்றையும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். காற்று வேறு ஜோராக அடித்தது. டீக்கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். பெரியப்பாவும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

படியில் அவர் ஏறி வந்த வேகத்தில் செருப்பு ஒன்று கீழேயே நின்றுவிட்டது. பின்னாலேயே அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"யாரு இத இங்க போட்டது?"

"நான்தான் பெரியப்பா! கரன்ட்டு எங்க போவுதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்!" என்று ஆரம்பித்து, அயர்ன் பாக்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "இனிமே அது வேணாம். இங்க போட்டா வெயில்லயே காஞ்சிரும். நீங்கதான பெரியப்பா சொன்னீங்க, சூரியன் சும்மா எரியுதுன்னு?"

பெரியப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "மானம் போச்சு" என்று கொடியை நோக்கிக் கையை நீட்டினார். கிளிப் வரை போன கை அப்படியே நின்றது. அதைத் தொட அவருக்குக் கூசியது. அம்மா பக்கம் திரும்பி, "எடு எல்லாத்தையும். நாளையிலேருந்து வேலைக்கும் போவ வேணாம்" என்றார். அம்மா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். எடுக்கவில்லை. நான் உதவிதானே செய்தேன், ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அப்போது படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. மூட்டுவலியால் மாடிப் பக்கமே வராத பெரியம்மா, கையில் ஒரு வாளியோடு ஏறி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பெரியப்பாவின் வேட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, தன்னுடையவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவுடையதற்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"என்னுதும் காயலைங்க" என்றாள்.

பெரியப்பா ஒரு காலில் செருப்போடு கீழே இறங்கிப் போனார். மறுநாள் அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பியபோது பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை.

அதெல்லாம் மறுநாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் எனக்கு இருந்த வியப்பெல்லாம், பெரியம்மாவுக்கும் கரன்ட் மேல் இத்தனை அக்கறையா என்பதுதான்.

"இப்ப எவ்ளோ யூனிட்டு மிச்சமாவும் பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவள் கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பாவம், பெரியம்மாவுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.