கருங்கோட்டைக்கு ஒரு டிக்கெட்

இன்று பாகூர் பஸ்ஸில் கண்டக்டரிடம், "கருங்கோட்டை ஒண்ணு" என்று கேட்டுவிட்டேன்.

நான் இறங்க வேண்டியது குருவிநத்தம். கருங்கோட்டை, ஒரு வாரமாக நான் மனப்பாடம் செய்யும் விளையாட்டுப் புத்தகத்தில் வரும் மாயாஜால நாட்டின் தலைநகரம்.

பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்கு இந்த வயதில் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும், அந்த நாட்டில் நடப்பதாகக் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டை நான்தான் நடத்த வேண்டும்.

பின் சீட்டில் எதிர்வீட்டு பிரவீன் சிரித்தான். என்ஜினீயரிங் படிக்கிறவன். போன மாதம் அவன் நடத்திய இதே ஆட்டத்தில், அந்த நாட்டு ராஜா ஒருவர் பேரை மாற்றிச் சொன்னாள் என்று என் மகளைப் பாதியில் எழுப்பி அனுப்பியவன். அதன்பிறகு அவள் பகடையைத் தொடவே இல்லை.

"இன்னா மாமா, நீயா நடத்தப் போற? மூணாவது ராஜா யாரு, சொல்லு பாப்போம்."

"தெரியலப்பா."

"அதுகூடத் தெரியாம நடத்தினா அந்த உலகத்துக்கே அசிங்கம் மாமா. பொண்ணுங்களுக்குத் தாயம் போதும், வுடு."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் அப்பா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். நீங்களாக இருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா? நான் முழுங்கியது இதுதான்:

"மூணாவது ராஜா எவனா இருந்தா எனக்கு இன்னாடா? எம் பொண்ணு மறுபடி ஒக்காந்து ஆடணும். அதுக்குத்தான்டா படிக்கிறேன்."