ஆறாவது துணி

டர்போ வண்டிக்காரர்களுக்கு அவர் குழாய்க்காரர். சைலன்சர் ஒட்டுவதில் தொடங்கி, குழாயை எந்தக் கோணத்தில் அறுத்தால் காற்று முட்டாமல் திரும்பும் என்பதைக் கையைச் சுட்டுக்கொண்டே கற்றவர். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று கொதிக்கும். அதை ஆறவைப்பது இன்டர்கூலர். எஞ்சின் மேல் மூச்சுமுட்டிக் கிடக்கும் சின்னதை எடுத்துவிட்டு, எதிர்க்காற்று படும்படி பம்பருக்குப் பின்னால் பெரியதைப் பொருத்துவதுதான் அவர் பிழைப்பு.

கழற்றிய குழாய் வாயில் நட்டு விழாமல் துணி அடைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது. இவருடைய துணிகளில் மட்டும் முழ நீளச் சிவப்பு நாடா தொங்கும். மொத்தம் ஆறு. சுவரில் அவற்றுக்கென்று ஆறு ஆணிகள். வேலை முடிந்து ஆறு ஆணியும் நிறைந்தால்தான் சாவியைக் கையில் எடுப்பார்.

அன்று காலை வண்டியை விட வந்த பல் டாக்டர், நாடாக்களைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஆளுங்ககூட ஆபரேஷன்ல பஞ்சை இப்படி எண்ண மாட்டாங்க."

"எண்ணாம விட்டா உங்களுக்கு நோயாளி திரும்பி வந்து சொல்லுவான், டாக்டர்."

"உங்களுக்கு?"

குழாய்க்காரர் பம்பரைக் கழற்றப் போய்விட்டார்.

டாக்டர் பழைய சாமான் கடையில் வாங்கிய இன்டர்கூலரை மேசைமேல் வைத்தார். "எட்டு வருஷமா கோணிக்குள்ளயே கிடந்துதாம். பூச்சுகூடப் போகலை, பாருங்க."

அவர் போன பிறகு வண்டியின் குழாய்களைக் கழற்றித் துணி அடைத்துவிட்டு, மதியத்துக்குமேல்தான் குழாய்க்காரர் கோணியை முழுசாகப் பிரித்தார். அடியில் இருந்த தாங்கிப் பட்டையில் மூன்று வெல்டிங் பற்றுகள். நடுவில் இருந்தது கோணல். பற்றவைக்கும்போது மின்சாரம் தடுமாறியது அவருக்கு நினைவிருந்தது. அவர் ஒட்டியது அது. மாமா வண்டிக்கு.

அக்காவின் கணவர். வேலை முடிந்த அன்று, ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று இவர் சொல்ல, "நான் ஓட்டிப் பார்த்துக்கறேன் மாப்ளே, நீ போய்ச் சாப்பிடு" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனவர். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து மேசையைத் துடைத்தபோது ஐந்து துணிதான் இருந்தது. ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லாரியை முந்தப் போன வண்டி பாதியில் சோர்ந்துவிட்டதாம்; ஒடித்துத் திருப்பியதில் எதிரே வந்த பஸ் கதவோடு அடித்துவிட்டதாம். முன்பக்கத்தில் கீறல்கூட இல்லையாம். வண்டி பழைய சாமான் கடைக்குப் போனது. இவர் போய்ப் பார்க்கவில்லை. துணி எங்கேயாவது விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா போனபின் அந்த அறையை இவர்தான் அவளுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்.

அப்படியே கோணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்ளே ஓட்டை என்று சொன்னால் டாக்டர் நம்புவார். கை கோணியைத் தேடியது. பிறகு டார்ச்சை எடுத்தது.

காற்று நுழையும் வாய்க்குள், தகடுகளின்மேல் அப்பளம் போல் ஒட்டிக் கிடந்தது ஏதோ. நீளக் கொக்கியால் இழுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்த துணி. மடிப்பைப் பிரித்தபோது உள்ளே நீலக் கட்டம் அழியாமல் இருந்தது. அக்காவின் பழைய படுக்கை விரிப்பு. பிசிறு போகாமலிருக்க ஓரம் மடித்து அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அடுத்த அறைக்குப் போனார். அக்கா தலையை நிமிர்த்தாமல், "என்னடா, நாடா அறுந்துபோச்சா?" என்றாள்.

அவர் துணியை மெஷின் பலகைமேல் வைத்தார். அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். எண்ணெயைப் பொருட்படுத்தாமல் விரலால் ஓரத்தையலைத் தடவிக்கொண்டே போனாள், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை.

"எங்க இருந்துது?"

"மாமா வண்டியோட கூலர்ல. இன்னிக்கு வந்துது. நான்தான்கா. உள்ள வெச்சு மறந்துட்டேன்."

"தெரியும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் போன மறுவாரமே அஞ்சு துணியையும் நாடாவையும் தூக்கிட்டு வந்த. புதுசா ஒண்ணு தெச்சுக் குடு, எல்லாத்துக்கும் நாடா வெச்சுக் குடுன்னே. நான் எதுக்குன்னு கேட்டேனா?"

"கேக்கலை."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நாடா நைஞ்சு நைஞ்சு வரும், மாத்தித் தருவேன். ஒவ்வொரு தடவையும் நீ வாயைத் திறப்பேன்னு பார்த்தேன்."

"பயமா இருந்துதுக்கா."

"இருக்கும். அவருக்கு ஓட்டத் தெரியலை, அவசரக்காரர்னு ஊரே சொல்லுச்சு. நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டின." அவள் குரல் உயரவில்லை. "என் பையன் இன்னிக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கான். அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு ஸ்டியரிங்கைத் தொட மாட்டேங்கறான்."

"நான்..."

"அஞ்சு மணிக்குக் காலேஜ் விட்டு வருவான். அவன்கிட்ட சொல்லு. என்கிட்ட சொன்ன மாதிரி, சுத்தி வளைக்காம." துணியை மடித்து மெஷின் மேசையின் இழுப்பறையில் வைத்து மூடினாள். "இப்ப போ. அந்த டாக்டர் வண்டியை வாயைப் பொளந்து போட்டு வந்திருப்ப."

பட்டறைக்குத் திரும்பினார். டாக்டர் வண்டியின் குழாய் வாய்களில் நான்கு நாடாக்கள் தொங்கின, ஆணியில் இரண்டு. ஆறு. கடிகாரத்தில் மூன்றரை. மறுபடி எண்ணினார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இன்னொரு முறையும் எண்ணினார். அது ஓடவில்லை.