கத்திரியக்கா தைத்த உள்பைகள்

தெருவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பெயர். கையில் எப்போதும் கத்தரிக்கோல் இருப்பதால்தான் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அது வாய்க்கு வைத்த பெயர்.

பெண்களுக்கு மட்டும் தைக்கிற கடை. ஒரு வெட்டு மேசை, அளவெடுக்க மூலையில் ஒரு திரை, இரண்டு மிஷின். ஒன்று அவளுடையது, மற்றது தங்கையுடையது. எந்த வம்பையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாத அக்கா, ஒரே ஒரு சங்கதியை மட்டும் வெளியே விட்டதில்லை. மத்தியானம் தங்கை சாப்பிடப் போன நேரம் பார்த்து யாராவது ஒருத்தி உள்ளே வருவாள். வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். "ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்கக்கா" என்பாள், பாதிக் குரலில்.

அக்கா வேறெதுவும் கேட்க மாட்டாள். "எந்தப் பக்கம்?" அவ்வளவுதான். அளவெடுத்து, சட்டையின் உட்புறம் மெல்லிய துணியில் ஒரு பை வைத்து, பஞ்சடைத்து, மார்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும்படி தைத்துக் கொடுப்பாள்.

நான்கு வருடத்தில் ஒன்பது பேர், இந்த ஒரே தெருவில். ஒன்பது பேருக்கும் ஒரே பாட்டு: "யாருக்கும் தெரிய வேணாம்க்கா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?" அதில் இரண்டு பேர் எதிரெதிர் வீடு. 'உனக்கு மட்டும் இல்லடி, வரிசையில நீ ஏழாவது' என்று அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும். வாக்குக் கொடுத்துத் தொலைத்தாயிற்றே என்று விழுங்கிக்கொள்வாள்.

ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தங்கை சொன்னாள், ஏதோ பட்டன் தீர்ந்துவிட்டது என்பதுபோல. "மார்ல ஒரு கட்டிக்கா. மூணு மாசமா இருக்கு. வலியே இல்ல."

அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அட, சும்மா இரு. அதெல்லாம் ஆயிரத்துல ஒருத்திக்கு வர்றது. நம்ம தெருவுல யாருக்காவது வந்திருக்கா? சொல்லு பாப்போம்."

சொல்லு பாப்போமாம்! அந்நேரம் பார்த்து, அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, பாங்கில் வேலை செய்கிற அம்மா, கடை வாசலைத் தாண்டி நிமிர்ந்து நடந்து போனாள். இடது பக்கம் அக்காவின் கைவேலை. துளி வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவு நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்ததற்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம் ஒரு வாரம் சாக்குதான். திங்கட்கிழமை பள்ளிச் சீருடை ஆர்டர். புதன்கிழமை பிள்ளைக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமை ஒன்றுமில்லை, "அடுத்த வாரம் பாக்கலாம்க்கா." அக்காவுக்குப் பொறுமை போயிற்று. தங்கையின் மிஷின் பெல்ட்டைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "டாக்டரைப் பாத்துட்டு வா, தரேன். அதுவரைக்கும் கையால தை."

இரண்டு நாள் முனகிக்கொண்டே கையால் தைத்துவிட்டு, மூன்றாம் நாள் தங்கை அக்காவோடு கிளம்பினாள். பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னார்: அதேதான். ஆபரேஷன் செய்து அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும். குணப்படுத்தலாம், ஆனால் மூன்று மாதத்தை வீணடித்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது தங்கை அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "யாருக்கும் தெரிய வேணாம்க்கா. சட்டையை மட்டும் தெரியாத மாதிரி தெச்சுக் குடுத்துடு."

"மாட்டேன்!" அக்கா போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். "மத்தவங்க வாயை மூடிக்கிட்டதாலதான் நீ மூணு மாசம் சும்மா இருந்தே. இப்ப நீயும் மூடிக்கிறியா?"

"எந்த மத்தவங்க?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதைக் கேக்காதே. ஒருத்திகிட்டயாவது உன் வாயால சொல்லு. அப்புறம் தைக்கறேன்."

வீடு வந்ததும் கைப்பையிலிருந்து மிஷின் பெல்ட்டை மட்டும் எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

மறுநாள் பாங்கு அம்மா தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தாள். தங்கை மிஷினை நிறுத்தினாள். "எனக்கு மார்ல புத்துநோயாம்."

பாங்கு அம்மாவின் கண் சட்டென்று அக்காவிடம் போனது. நான் வாயே திறக்கவில்லை என்று அக்கா தலையை ஆட்டினாள். பாங்கு அம்மா கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துத் தங்கையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.